நாலு பிளக்கும் ஒரு நல்ல நேரமும்

பெருமாள்சாமியின் மானத்துக்கு அன்று காலை விலை ஏழு ரூபாய். அம்பாசடருக்கு நாலு பிளக் மாற்ற மெக்கானிக் கருத்தப்பாண்டி கேட்ட கூலி அது.

"நாலு பிளக்கக் கழத்தி நாலு பிளக்க மாட்டுததுக்கு ஏழு ரூவாயா? நானே மாட்டிக்கிடுதேன்" என்று சட்டையைக் கழற்றிக் கார்க் கதவில் தொங்கவிட்டார்.

"மாட்டுங்க அண்ணாச்சி. வயரை மட்டும் மாத்திராதீய. அந்தந்த வயரு அந்தந்தப் பிளக்குக்கே போகணும். மாறிச்சின்னா வண்டி இருமுமே தவிர கெளம்பாது." கருத்தப்பாண்டி ஸ்பேனரைக் கடன் கொடுத்துவிட்டு, பசுவந்தனையில் ஒரு டிராக்டர் நிற்கிறதென்று சைக்கிள் ஏறிப் போய்விட்டான்.

கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் மண்டி நடத்துகிறவர் மடியில் எப்போதும் ஒரு சாக்கட்டி இருக்கும். அதை எடுத்து நாலு வயரிலும் நம்பர் போட்டார். மூட்டைக்கு நம்பர் போட்ட இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு மூட்டை மாறியதில்லை.

பின்சீட்டில் மகள் வெயிலம்மாள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. "வத்தல் நெடி" என்றாள் தாய் மீனாட்சியம்மாள், கேட்காதவர்களிடமும்.

கழுகுமலையில் பத்தரைக்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாக வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம், அது முடியுமுன் அஷ்டமி, விடிந்தால் ஆடி. இன்று தவறினால் சிவகாசிப் பெண்ணைப் பேசி முடித்துவிடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

இடத்தைக் கொண்டுவந்தவன் மைத்துனன் அய்யாத்துரை. மாப்பிள்ளையின் தீப்பெட்டி ஆபீசுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுப்பவனும் அவன்தான். மாப்பிள்ளைக்கு நாற்பது வயது, இது இரண்டாந்தாரம் என்பதை, நகைக்கடைக்காரன் சேதாரத்தைச் சொல்வதுபோல, அத்தான் வாக்குக் கொடுத்த பிறகுதான் சொன்னான்.

புதுப் பிளக் நாலும் ஏறின. பெருமாள்சாமி முருகனை நினைத்துக்கொண்டு செல்ப் அடித்தார். வண்டி இருமியது. இன்னொரு முறை அடித்தார். சைலன்சரில் ஒரு வெடி வெடித்தது.

"அண்ணாச்சி, தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கே" என்றார் எதிர்வீட்டு ராமசுப்பு, பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே.

"அந்த ஏழு ரூவாயக் குடுத்துத் தொலைச்சா என்னவாம்?" என்று மீனாட்சியம்மாள் பல்லைக் கடித்தாள்.

"ஏழு ரூவாய்க்கு எம்புட்டு வத்தல் வரும், தெரியுமாட்டி ஒனக்கு?"

மறுபடி கழற்றினார். துடைத்தார், ஊதினார், மாட்டினார். வண்டி மறுபடி இருமியது. நெற்றித் திருநீற்றின்மேல் கரி ஏறிவிட்டது. பிளக் விற்றவனின் பரம்பரையையே திட்டினார். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அய்யாத்துரைக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், டாக்சி கூட்டியாரேன்."

"சொந்தக் காரு வச்சிருக்கவன் வாடகைக் காருல போயி எறங்குனா, கார ஏலத்துல விட்டுட்டான்னுலா பேசுவாவ?"

"அப்பம் பஸ்ஸுல போவோம்."

"தாம்பாளத்தத் தலையில வச்சுக்கிட்டு நீ படியில தொங்குதியா?"

"பெறகு என்னதான் செய்யச் சொல்லுதிய? நிச்சயம் வேண்டாங்கியளா?"

"ஏலே, வாக்குக் குடுத்தவன் நான். வாக்கு மாறுனா நாளைக்கு எவன் என்னைய நம்பி மண்டிக்கு மூட்டை எறக்குவான்? இந்தா, இப்பம் கெளம்பிரும்."

கிளம்பவில்லை. ஆளை விட்டுத் தள்ளச் சொன்னார். தெருமுனை வரை இருமிக்கொண்டே போன வண்டி, அங்கிருந்து வீட்டு வாசல் வரை இருமிக்கொண்டே திரும்பியது. உள்ளே சுவர்க்கடிகாரம் அரைமணிக்கு ஒற்றையடி அடித்தது. பத்தரை.

அய்யாத்துரை தாம்பாளத்தைக் காரின் முன்சீட்டில் வைத்தான். வைத்த வேகத்தில் எலுமிச்சம்பழங்கள் உருண்டன. "ஏழு ரூவாயில ஒரு சம்பந்தத்தையே தொலைச்சிட்டியளே அத்தான். கழுகுமலையில போயி நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லு. எங்க அத்தான் வாக்கு மாறல, கஞ்சத்தனத்துல வண்டியக் கெடுத்துட்டாருன்னு சொல்லு."

"அதத்தான் சொல்லப்போறேன். ஊரு பூராவும் சொல்லப்போறேன்" என்று அவன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். மீனாட்சியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள். வேடிக்கை முடிந்த தெருவும் கலைந்தது.

பெருமாள்சாமி கையைத் துடைத்தார். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். மூன்றாம் நம்பர் வயரைப் பிடுங்கி மூன்றாம் பிளக்கிலும், இரண்டாம் நம்பரைப் பிடுங்கி இரண்டாம் பிளக்கிலும் செருகினார். செல்ப்பை ஒரு தட்டுத் தட்டினார்.

வண்டி ஒரு இருமலும் இல்லாமல் சீராக உறுமியது. மீனாட்சியம்மாள் காதில் விழுமுன் அணைத்துவிட்டார்.

வெயிலம்மாள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். "அப்பா... காலையிலேருந்து தெரு பூரா சிரிச்சிச்சே."

கீழே உருண்டிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தார் பெருமாள்சாமி.

"சத்தங் காட்டாத தாயி. மானம் செலவு, மக வரவு. கணக்கு நேரு."