மூலையில் ஒட்டிய சேறு

"கண்ணாடி! அந்த மூலையில இன்னும் சேறு இருக்கு பாரு. மறுபடியும் தேய்!"

இது மூன்றாவது தடவை. மாணவிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்த பாவத்துக்கு, பெயரைக்கூடக் கேட்காமல் காலையில் அந்த அக்கா சூட்டிய பட்டம் அது.

வெள்ளம் வடிந்த நகரத்தில் வீடுகளைச் சுத்தம் செய்ய, கல்லூரியிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். முன்பின் பார்த்திராத ஊர். தெருவுக்குத் தெரு ஒரே நிறத்தில் சேறு. பேராசிரியர் ஆளுக்கொரு வீடாகப் பிரித்துவிட, இவளுக்கு வாய்த்தது இந்த வீடு. வாசலிலேயே மண்வெட்டியும் கையுமாக நின்றிருந்தாள் அக்கா.

"மெத்தையைத் தலைப்பக்கம் பிடி. என்ன, உங்க காலேஜ்ல சோறே போடறதில்லையா?"

நனைந்த மெத்தை பிணமாய்க் கனத்தது. அதை இழுத்துப் போட்டு, அலமாரியை நகர்த்தி, வாளி வாளியாகச் சேற்றை அள்ளிக் கொட்டினார்கள். மதியத்துக்குள் மாணவியின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ரொட்டியைப் பிரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தபோதும், அக்கா ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உட்காருங்கக்கா."

"உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன்."

"பக்கத்து வீட்டுலல்லாம் தண்ணியை ஊத்தித் தள்ளிட்டு முடிச்சிட்டாங்க. நமக்கு மட்டும் என்னக்கா தலையெழுத்து?"

"குழந்தைங்க புரண்டு விளையாடற தரைடி. ஏனோதானோன்னு கழுவினா ஆச்சா?"

சொந்த வீடென்றால் இப்படித்தான், அடுத்தவள் கை நோவு எங்கே தெரியும் என்று உள்ளுக்குள் பொருமினாள் மாணவி. பின்கட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கே கிளம்பி வந்துடறேன்ப்பா. சேவைன்னு வந்தா, இங்க ஒருத்தங்க என்னைத் தன் வீட்டு வேலைக்காரியாவே ஆக்கிட்டாங்க."

திரும்பினால் அக்கா நின்றிருந்தாள். காதில் விழுந்ததா, தெரியவில்லை. கொப்புளத்தின் மேல் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, வாளியை நீட்டினாள்.

சாயங்காலம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நிவாரண முகாமிலிருந்து ஒரு கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே ஓடின. அந்த மனைவி மட்டும் நிலைப்படியைத் தாண்டாமல் அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டு விம்மினாள்.

"சாவியைக் கேட்டப்ப, கதவைத் திறந்து காயப் போடத்தான்னு நினைச்சேன். எங்க வீட்டை இப்படிப் பளிங்கா ஆக்கி வெச்சிருக்கீங்களே அக்கா!"

"ஈரம் போற வரைக்கும் பிள்ளைங்களைக் கீழ படுக்க வைக்காத" என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள் அக்கா.

மாணவி பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, அப்போ இது உங்க வீடு இல்லையா?"

"இல்லியே. யார் சொன்னா?"

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்க்கா. மூலை முடுக்கெல்லாம் நானே தேய்க்கறேன். எங்க இருக்கு உங்க வீடு?"

அக்கா அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"காலையில உங்க பஸ்ஸை நிறுத்த இடமில்லாம டிரைவர் தவிச்சார். ஆத்தோரம் ஒரு காலி இடத்தைக் காட்டி, அங்க நிறுத்திக்கோங்கன்னு சொன்னேன். அதுதான்டி என் வீடு."