மெற்றில்டாவின் தலைவலி

மெற்றில்டாவுக்குத் தலை வலித்தால் அந்தக் கரையில் ஒருவரும் கடலுக்குப் போக மாட்டார்கள். புயல் எழுவதற்கு ஒரு நாள் முன்பே அவளுடைய மண்டை இடிக்கத் தொடங்கிவிடும்; இருபது வருஷமாக அது பொய்த்ததில்லை. போன மாதம் டவுன் டாக்டர் நெற்றியிலும் பிடரியிலுமாக முப்பத்தோரு இடத்தில், தசையை மரக்கவைத்துத் தலைவலியை நிறுத்தும் போடாக்ஸ் ஊசி போட்டார். இன்று விடிந்ததும் கொழுந்தன் சிலுவை வழக்கம்போல வாசலில் வந்து நின்றான்.

“மைனி, தல எப்படி இருக்கு?”

“பஞ்சு மாதிரி இருக்கு. போயிட்டு வாங்க.”

எல்லா வள்ளமும் போயின. அவள் மகனும் போனான். மதியம் எறும்புகள் முட்டையைக் கவ்விக்கொண்டு சுவரேறின. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. மெற்றில்டா நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள், சுருங்கவில்லை. கதவு நிலையில் தலையை முட்டினாள். இன்னும் பலமாக முட்டினாள்.

“வலிச்சித் தொலையேன், சனியனே.”