எஞ்சினியர் வீட்டுத் தண்ணீர்

"எல்லாரும் கண்ணை நல்லாத் திறந்து பாருங்க!"

வேளாண் எஞ்சினியர் பெர்த்தோனி ஒரு கண்ணாடிக் குவளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஊர்ச் சங்கக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

குவளையின் வாயில் ஒரு வெங்காயம் உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்து வெள்ளை வேர்கள் தாடி மாதிரித் தொங்கின.

மேஜை மேல் இருந்த மற்றக் குவளைகளில் வேர்கள் குட்டையாகவும் நுனி சுருண்டும் கிடந்தன.

"இது என் வீட்டுத் தண்ணி. சோயா வயலுக்கு நட்டநடுவுல இருக்கிற வீடு. களைக்கொல்லி விக்கிறவனும் நான்தான். என் வெங்காயம் ஜம்முனு இருக்கே, டீச்சர்?"

அறிவியல் டீச்சர் கிராசியேலா மற்றக் குவளைகளை மறுபடியும் உற்றுப் பார்த்தார். இந்தச் சோதனையை ஆரம்பித்ததே அவர்தான். வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீர் வாங்கி, அதில் வெங்காயம் வைத்து, வேர் நுனியைப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் ஊராருக்குக் காட்டியிருந்தார்.

"ஒரு செல் ரெண்டாப் பிரியறப்போ, உள்ளே இருக்கிறதைச் சரிசமமாப் பங்கு போடணும். இங்கே பாருங்க, பங்கு கோணிப் போகுது. சில செல் பாதியிலேயே நின்னுடுது. அப்புறம் வேர் எப்படி வளரும்?" என்று அவர் அன்று சொன்னபோது, யமிலா தன்னையறியாமல் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

யமிலாவுடையது ஊரின் கடைசி வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் சோயா. ஊரார் 'கொசு' என்று பெயர் வைத்திருக்கும் மருந்து தெளிக்கும் வண்டி, இரண்டு பக்கமும் நீண்ட குழாய்க் கைகளை விரித்து அடித்துவிட்டுப் போனால், அவள் கொடியில் போட்ட துணியெல்லாம் நாறும். போன வருடம் அவளுக்குக் கரு கலைந்தது. இப்போது மறுபடியும் ஐந்து மாதம்.

இனி வீடுகளை ஒட்டி மருந்து அடிக்கக் கூடாது என்று ஊராட்சித் தலைவர் இன்று உத்தரவு போடுவதாக இருந்தது. வெங்காயங்களைப் பார்த்த பிறகு.

"அப்போ எங்க தண்ணி மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்று யமிலா எழுந்து கேட்டாள்.

"அதையும் என் வாயாலே சொல்லணுமா? உங்க கக்கூஸ் குழியைக் கிணத்துப் பக்கத்திலேயே தோண்டிக்கறீங்க. ஒழுங்கா ஒரு குழி வெட்டத் தெரியலை, சோயா மேலே பழி!"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. யமிலா முகம் சிவந்து உட்கார்ந்தாள்.

"வெங்காயமே சாட்சி சொல்லிடுச்சு டீச்சர்! எல்லாத்தையும் நறுக்கி எம்பனாடாவுக்குள்ள பூரணமா வச்சுப் பொரிங்க, நாங்க சாப்பிட வரோம்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

தலைவர் கையைத் தட்டினார்.

"உத்தரவெல்லாம் கிடையாது. டீச்சர், நீங்க நாளைக்கே எஞ்சினியர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுடுங்க. ஒரு நல்ல மனுஷன் பேரைக் கெடுக்கப் பார்த்தீங்களே!"

வெளியே வந்ததும் யமிலா டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் டீச்சர் இப்படிப் பண்ணினீங்க? டம்ளரைக் கையில எடுக்கவே பயமா இருக்கு எனக்கு. கேன் தண்ணி வாங்க என் புருஷன் கூலி பத்துமா? ஒரு பிள்ளைத்தாச்சியை வெங்காயத்தைக் காட்டிப் பயமுறுத்தலாமா?"

"தப்புதான் யமிலா. நான் எங்கேயோ பிசகிட்டேன்."

யமிலாவின் கோபம் தணிந்தது. "சரி, நாளைக்கு நானும் வரேன். எஞ்சினியரை நானும்தானே சந்தேகப்பட்டேன்."

மறுநாள் மாலை, பொரித்த ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். எஞ்சினியர் வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி லுசியானா வாசலுக்கே ஓடிவந்தாள்.

"மன்னிப்பா? வெங்காயத்துக்குப் போய் மன்னிப்பா? நல்லா இருக்கு! உள்ளே வாங்க, சூடா மாத்தே டீ போடறேன்."

அடுப்பில் இருந்த கெட்டிலின் மூடியைத் திறந்து பார்த்தாள். யமிலாவும் எட்டிப் பார்த்தாள்.

"புதுக் கெட்டிலுங்களா? உள்ளே பளபளன்னு இருக்கே! எங்க வீட்டுல சுண்ணாம்பு படிஞ்சு, சுரண்டிச் சுரண்டி என் நகமே தேஞ்சு போச்சு."

"புதுசா? கல்யாணத்துக்கு எங்கம்மா வாங்கிக் கொடுத்தது! கிணத்துத் தண்ணி ஊத்தினாத்தானே சுண்ணாம்பு படியும்?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது.

"பின்னே இது எந்தத் தண்ணி?"

லுசியானா சமையலறைக் கதவைத் தள்ளினாள். கதவுக்குப் பின்னால், ரொசாரியோ நகரத்திலிருந்து வரும் தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருந்தன.

"குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் இதான். கிணத்துத் தண்ணி வண்டி கழுவறதுக்கு. அன்னிக்குக்கூட, வெங்காயத்துக்குத் தண்ணி வேணும்னார். கிணத்துல பிடிக்கட்டுமான்னு கேட்டேன். 'பைத்தியமா உனக்கு? கேன்லேர்ந்து ஊத்து'ன்னார்."

டீச்சரும் யமிலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லுசியானா அதைக் கவனிக்காமல் குவளையில் இருந்த மாத்தே இலைத்தூள் மேல் வெந்நீர் ஊற்றினாள். வெட்கத்தோடு தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"எனக்கும் நாலாவது மாசம். பிள்ளை பிறக்கிற வரைக்கும் இந்த ஊர்த் தண்ணி உன் நாக்குலகூடப் படக் கூடாதுன்னு அவர் கண்டிப்பாச் சொல்லிட்டார். படிச்சவர் சொன்னாக் கேட்டுக்கணும், இல்லையா?"

மாத்தேயை யமிலாவிடம் நீட்டியவள், அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஏன் யமிலா, நீ இன்னுமா கிணத்துத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டிருக்கே?"