சாயங்காலத்துக்குள் ஒரு கணக்கு

“பெரியவரே, தூங்கறதுன்னா வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. இங்க கரண்டு கூட இல்ல.”

சொன்ன பிரசாந்துக்குக் குரல் கம்மியிருந்தது. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். பட்டா எடுப்பது, வருமானச் சான்றுக்குப் பதிவு செய்வது, அதோடு ஷேர் வாங்க விற்கக் கணக்குத் திறந்து கொடுக்கிற ஏஜென்சி. வெளியே வெயில். மலைப்பாறை சூடேறி ஊரே அடுப்பாகக் கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சிங்கவரத்து வீராசாமி. விளைந்த வேர்க்கடலையை, அவர் பேச்சில் மல்லாட்டையை, மார்க்கெட் கமிட்டியில் விற்றுவிட்ட கையோடு வந்திருந்தார். காதில் ஹெட்போன் ஒயர். கண் மூடியிருந்தது. விரல் மட்டும் தன் போனைத் தடவிக்கொண்டிருந்தது.

“தூங்கல. பாத்துக்கினு இருக்கேன்.”

“கண்ண மூடிக்கினா?”

வீராசாமியின் விரல் திரையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

பிரசாந்த் பல்லைக் கடித்துக்கொண்டான். இந்த ஆளை விட முடியாது. சாயங்காலத்துக்குள் ஒரு கணக்காவது பிடிக்காவிட்டால், ஏஜென்சியை வேறு கடைக்கு மாற்றிவிடுவேன் என்று ஏரியா மேனேஜர் காலையில்தான் போனில் கத்தியிருந்தான். இந்த மாதம் வந்து சிக்கிய ஒரே ஆள் இவர்தான். அதனால்தான் கடையின் சொந்தக் கணக்கையே அவர் போனில் திறந்துவிட்டு, உள்ளே எல்லாம் எப்படி இருக்கிறதென்று பார்க்கச் சொல்லியிருந்தான்.

“நம்ம கம்பெனி ஆப்பு பெரியவரே இது. விலை ஏறுனா பச்ச, எறங்குனா செகப்பு. கோடு கோடா எப்படி ஓடுது பாருங்க. சின்னப் புள்ளகூட பாத்தே வாங்கிப்புடும்.”

“இது ஆவாது.”

“இன்னா ஆவாது?”

“வேற காட்டு.”

பெருமூச்சு விட்டுக்கொண்டு இன்னொரு கம்பெனியைத் திறந்து கொடுத்தான். வீராசாமி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். விரலால் தடவினார். நின்றார். டொக் டொக்கென்று தட்டினார்.

“தட்டி உடைக்கறதுக்கு அது இன்னா மல்லாட்டையா?”

வருமானச் சான்றுக்காக பெஞ்சில் காத்திருந்த மகாலட்சுமி சிரித்தாள். “வுடுங்கண்ணா. பாட்டு கேட்டுக்கினே ஷேர் வாங்கப் போறாரு.”

வீராசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதுவும் ஆவாது. வேற.”

“எதுல கமிஷன் கம்மின்னு கேளுங்க. சொல்றேன். எது வேகம்னு கேளுங்க. அதையும் சொல்றேன். ஒண்ணுமே கேக்காம ஆவாது ஆவாதுன்னா நான் இன்னா பண்றது?”

“வேற இருக்குதா, இல்லியா?”

பிரசாந்துக்குத் தலை வலித்தது. இருந்ததிலேயே மட்டமானதைத் திறந்து நீட்டினான். பழைய கம்பெனி. படம் கிடையாது, கோடு கிடையாது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. யாரும் சீந்தாத ஆப். அவனுக்கு அதில் ஏஜென்சியும் இல்லை, எப்போதோ திறந்து வைத்த கணக்குதான். இந்தக் கண்ணராவியைப் பார்த்த பிறகாவது முதல் கம்பெனிக்கே வருவார் என்று கணக்குப் போட்டான்.

வீராசாமியின் விரல் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. முகம் மெல்ல மெல்ல இளகியது. கண்ணைத் திறந்தார்.

“இதான். இது பேரு இன்னான்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடு.”

பிரசாந்துக்குப் பொறுமை போய்விட்டது.

“பெரியவரே, நீங்க இன்னா வெளையாட வந்தீங்களா? மத்தியானத்துலேர்ந்து தொண்டத் தண்ணி வத்தக் கத்தறேன். நல்லதையெல்லாம் வுட்டுட்டு இந்தக் குப்பைய எடுக்கறீங்க. ஷேர்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“அப்புறம்?”

வீராசாமி ஒயரைக் கழற்றி அவன் காதில் செருகினார். பிரசாந்த் காட்டிய முதல் ஆப்பைத் திறந்தார். அவன் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து இழுத்தார்.

‘பெயரில்லாத பொத்தான்,’ என்றது, விரல் பட்டதையெல்லாம் வாசித்துச் சொல்லும் போனின் குரல். இன்னும் கொஞ்சம் இழுத்தார். ‘பெயரில்லாத பொத்தான்.’ இன்னும் கொஞ்சம். ‘பெயரில்லாத பொத்தான்.’

“இதுல எது வாங்கறது, எது விக்கறது? சொல்லு.”

பிரசாந்த் தானே விரலை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். ‘பெயரில்லாத பொத்தான்.’

கடைசி ஆப்பைத் திறந்தார். அதே விரல். ‘வாங்கு. பொத்தான்.’ ‘விற்பனை செய். பொத்தான்.’ ‘இன்றைய விலை.’ ஒவ்வொன்றாக, நிதானமாக, அந்தக் குரல் வாசித்தது.

“உங்களுக்குத்தான் கண்ணு நல்லா தெரியுதே. உங்களுக்கு எதுக்கு இது?” என்றான் பிரசாந்த்.

“எனக்கில்ல. என் பொண்ணு வெண்மதிக்கு. பொறவியிலேயே பார்வ கெடையாது. ஆபீசுல டைப்பிஸ்ட்டா இருக்குது. அது சம்பாதிக்கறத அதுவே பாத்துப் போடணுமாம். எங்க யார் கையிலயும் குடுக்க மாட்டேங்குது. கணக்கு தொறக்கறதெல்லாம் அதுவே பண்ணிக்கும். எந்தக் கம்பெனி வாயத் தொறந்து பேசுதுன்னு உள்ள பூந்து பாத்தாத்தான தெரியும்? அதுக்குத்தான் போன வாரம் இங்க வந்துச்சு.”

பிரசாந்துக்கு ஞாபகம் வந்தது. வாசற்படியில் தட்டிய வெள்ளைக் கோல். அன்றைக்கும் இதே வெயில், இதே அசதி. அந்தப் பெண் பேசி முடிப்பதற்குள் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டான்.

“கண்ணு தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிக்கினு வான்னு அனுப்பிட்டியாமே?”

பிரசாந்த் காதிலிருந்து ஒயரைக் கழற்றினான். மகாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீராசாமி குரலை உயர்த்தவில்லை.

“அதான் நைனா, நான் வந்தேன்.”