ரேகை விழாத விரல்கள்

விசா அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் டை கட்டிய ஊழியர் கொட்டாவி விடுகிறார். ஆய்வகத்தில் அமிலக் குடுவைகளைக் கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துபோன விரல்களை எதிரே நிற்கும் பெண் ஏழாவது முறையாகக் கைரேகைக் கருவியில் அழுத்துகிறாள். மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிகிறது. இன்று ரேகைப் பதிவு முடியாவிட்டால் வெளிநாட்டில் வேதியியல் படிக்கக் கிடைத்த இடம் கைநழுவிவிடும். "உங்க விரல் சரியில்லைம்மா." "மெஷின் சரியில்லாம இருக்கலாமே சார்?" "அது ஃபாரின் மெஷின்ம்மா!" என்று அடிபட்டவர் போலச் சொல்லி, ஒரு படிவத்தைத் தள்ளுகிறார். 'விண்ணப்பதாரருக்கு விரல்கள் இல்லை' என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டிருக்கிறார். "கீழ கையெழுத்துப் போடுங்க." "விரல் இல்லாதவ எப்படி சார் போடுவா?" "வம்பு பேசாதீங்க, பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்க." பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பேனாவை எடுக்கிறாள். ஊழியர் எட்டிப் பார்த்து எச்சரிக்கிறார்: "கையெழுத்து பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும்!"