ஒரு வருஷமும் ஒரு நாளும்

தங்கை வீட்டுக் கதவு தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது.

நீலாம்பாள் மூன்று படிகளுக்குக் கீழே நின்றாள். இன்னும் விடியவில்லை. மட்டாஞ்சேரிக் கடைவீதிப் பக்கமிருந்து சுக்கு மணம் வந்துகொண்டிருந்தது. அவள் கையிலிருந்தே வந்ததோ என்னவோ. கணவரின் கிடங்கில் முப்பது வருஷமாகச் சுக்கு பொறுக்கும் கை.

இந்தப் படியை மிதித்து ஒரு வருஷம் ஆகிறது.

போன விஷுவுக்கு வந்திருந்தாள். தங்கை மதுவந்தி வழக்கம்போல விஷுக் கணிக்கு உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், கண்ணாடி என்று எல்லாம் வைத்திருந்தாள். கொன்றைப் பூ மட்டும் பிளாஸ்டிக். நீலாம்பாளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வருஷத்தின் முதல் பார்வைக்குப் பொய்ப் பூவா என்று கேட்டுவிட்டாள். பிடிக்காதவர்கள் வர வேண்டாம் என்றாள் தங்கை. சரி, இந்த வருஷம் முழுக்க உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றாள் அக்கா.

இரண்டு பேருக்கும் வாய் நீளம். மன்னிப்புக் கேட்க மட்டும் அந்த வாய் வராது.

இத்தனைக்கும் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. காய்கறிக் கடையில் ஒருத்தியைப் பார்த்தால் மற்றவள் முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பி ஆராய்வாள். ஆடியில் மதுவந்திக்குக் காய்ச்சல் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு நீலாம்பாள் மிளகு ரசம் வைத்து, தூக்கில் ஊற்றி மூடி, செருப்பு வரை மாட்டிவிட்டு, கடைசியில் தானே உட்கார்ந்து குடித்தாள். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் தங்கை இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. அதுவும் உண்மைதான்.

வருஷம் முடியட்டும் என்று நாளை எண்ணினாள்.

அதில்தான் சிக்கல். சூரியன் மேஷத்துக்குள் நுழைவதை வைத்துத்தான் இரண்டு வீட்டிலும் வருஷம் பிறக்கிறது. நுழைகிற நேரம் மத்தியானத்துக்கு மேல் தள்ளிப்போனாலும் தமிழ்ப் பஞ்சாங்கம் அன்றைக்கே சித்திரை ஒன்று என்று சொல்லிவிடும். மலையாளப் பஞ்சாங்கம் அவசரப்படாது. விஷுவை மறுநாளைக்கு வைக்கும். இந்த வருஷம் அப்படித்தான். நீலாம்பாளுக்கு வருஷம் பிறந்தது நேற்று. கேசவைக் கல்யாணம் செய்துகொண்டு மலையாள வீட்டுக்குப் போன மதுவந்திக்கு இன்றைக்கு.

நேற்றுக் காலையிலேயே மாங்காய்ப் பச்சடியோடு கிளம்பிவிட்டாள். தெருமுனை வரை வந்தும்விட்டாள். தங்கை வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. விஷுவுக்கு முந்தின நாள் ஆயிற்றே, வீடு கழுவுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த வீட்டில் இன்னும் பழைய வருஷம். ஒரு நாள் முன்னால் போய் நின்றால், அக்காவுக்குப் பொறுக்க முடியவில்லை என்று ஆகிவிடும். பச்சடியோடு திரும்பிவிட்டாள்.

இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் கால் ஏறவில்லை. போ என்று சொல்லிவிட்டால்?

தோள் பையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏறிக் கதவைத் தள்ளினாள்.

கூடத்தில் கேசவ் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சொல்லாமல், சத்தமும் போடாமல், சமையலறைக்குள் நகர்ந்துவிட்டான். புத்திசாலி.

மதுவந்தி பாயில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கணியைப் பார்க்கும் வரை கண்ணைத் திறக்கக் கூடாது. யாராவது கண்ணைப் பொத்தி அழைத்துப் போக வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா. அப்புறம், தங்கைக்குக் கல்யாணம் ஆன பின்னும், அக்காதான் வந்து பொத்துவாள்.

நீலாம்பாள் பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கைகளாலும் அந்தக் கண்களைப் பொத்தினாள்.

மதுவந்தி யார் என்று கேட்கவில்லை. ஒரு தடவை மூச்சை இழுத்தாள். சுக்கு மணமே போதுமாக இருந்தது. எழுந்து நடந்தாள். நான்கு எட்டு வைப்பதற்குள் நீலாம்பாளின் உள்ளங்கை நனைந்துவிட்டது.

விளக்கு முன்னால் வந்ததும் கையை எடுத்தாள்.

அதே உருளி. அரிசி, வெள்ளரிக்காய், கண்ணாடி. இந்தத் தடவை கொன்றை நிஜம். வெயில் கொளுத்தியதில் மாசியிலேயே பூத்துக் கொட்டிவிட்டது கொன்றை. ஊரெல்லாம் தேடினாலும் ஒரு கொத்து கிடைக்காத வருஷம். எங்கே பிடித்தாளோ. ஆனால் பூ துவண்டு கிடந்தது. பாதி இதழ்கள் அரிசியின் மேல் உதிர்ந்து பழுப்பேறியிருந்தன.

"பூ வாடிப் போச்சேடி."

வாய் முந்திக்கொண்டது. ஒரு வருஷம் கழித்துப் பேசின முதல் பேச்சு இதுவா என்று நீலாம்பாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மதுவந்தி கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "வாடாம என்ன செய்யும் அக்கா. நேத்து விடியக்காலம் வெச்ச கணியாக்கும். ஒனக்கு நேத்தைக்கல்லோ வருஷப் பொறப்பு."

நேற்றுக் காலை அகலத் திறந்து கிடந்த அந்தக் கதவு நீலாம்பாளின் நினைவுக்கு வந்தது.

பையைத் திறந்தாள். நேற்றுச் சாயங்காலம் கடைவீதியில், தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கியது. எடுத்து, வாடின பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மஞ்சள் மஞ்சளாக, ஒரு கொத்து பிளாஸ்டிக் கொன்றை.