பலகைக்கு முந்நூறு மீட்டர்

லூசியனின் முதுகைப் பார்த்தபடியே சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார் கில்பேர். அந்த முதுகு எந்த நொடியில் சரியுமோ என்கிற பயத்தில் அவருக்குச் சாலையே சரியாகக் கண்ணில் படவில்லை.

நேற்று சாயங்காலம் லூசியனின் மனைவி ஆர்லெத் போனில் அழுதுவிட்டாள்.

"அண்ணே, டாக்டர் வீட்டுக்கே போன் பண்ணிட்டாரு. இதயம் ரொம்ப மோசமா இருக்காம். செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். அதுவரைக்கும் மூச்சு வாங்க மிதிச்சா உயிருக்கே ஆபத்தாம்."

"ஐயோ! நாளைக்கு அவனை வெளியவே விடாதேம்மா."

"போகாதீங்கன்னு சொன்னா கேக்கிற ஆளா? வேணும்னே மலையேறப் போயிடுவாரு. விஷயத்தை இன்னும் அவருகிட்ட சொல்லலைண்ணே. நீங்க மெதுவாப் போனா அவரும் மெதுவா வருவாரு."

போன வாரம்தான் இருவரும் ஒன்றாக டாக்டரிடம் போய், மாரில் ஒயர் ஒட்டி, நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளை மிதித்துவிட்டு வந்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்ற டாக்டர் சான்றிதழ் இல்லாமல் சைக்கிள் சங்கத்தில் இந்த வருஷ உறுப்பினர் அட்டை தரமாட்டார்கள். 'ரெண்டு கிழட்டுக் குதிரைக்கு ஒரே லாயம்' என்று சிரித்துக்கொண்டே திரும்பியவர்கள்.

விஷயம் கில்பேரின் மனைவி மிரேய்க்கும் தெரிந்திருந்தது. காலையில் வாசல் கேட் வரை வந்து, "லூசியன் கூடவே போங்க, அவரை விட்டு முன்னால ஓடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னாள்.

திராட்சைத் தோட்டம் முடியும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் இடப்பக்கம், கழுதைக் கணவாய். லூசியன் வலப்பக்கம் திருப்பினார்.

"இன்னிக்கு ஏத்தம் வேணாம்டா. ஆத்தோரமாவே போயிடலாம்."

கில்பேர் தனக்குள் நினைத்துக்கொண்டார்: பாவி, இவனுக்கே உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்கிறது, வெளியே சொல்லாமல் மறைக்கிறான். மற்ற நாளாக இருந்தால் கில்பேர் அவரை ஊர் வரை கிண்டலடித்தே கொன்றிருப்பார்.

"சரி, போலாம்" என்றார்.

"என்னடா, மறுபேச்சு இல்லாம சரிங்கிறே?"

"முட்டி வலி."

"உனக்கா?" லூசியன் சட்டென்று திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பின்னாலிருந்து பக்கத்து ஊர்ப் பல் டாக்டர் யானிக் சர்ரென்று வந்தான். நாற்பது வயசு, வழவழவென்று மழித்த கால்.

"என்ன பெரியவங்களா, திராட்சை பறிக்கக் கிளம்பிட்டீங்களா? ஒரு பாட்டில் நமக்கும் எடுத்து வைங்க!"

கில்பேரின் காது சூடானது. போன வசந்தத்தில் இதே யானிக்கை ஊர்ப் பேர் எழுதிய பலகை வரை துரத்தி மண்ணைக் கவ்வ வைத்தவர் அவர். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். லூசியன் மறுபடி திரும்பிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

ஐயையோ, ஆரம்பிச்சிடுச்சு போலிருக்கே என்று கில்பேருக்குப் பதறியது.

பாலம் வந்தது. பாலத்திலிருந்து ரோக்கமோர் ஊர்ப் பலகைக்கு முந்நூறு மீட்டர். எங்கள் பக்கத்துச் சைக்கிள்காரர்களுக்கு ஊர்ப் பலகையைக் கண்டால் புத்தி பேதலித்துவிடும். அதை முதலில் தாண்டியவன் ராஜா, மற்றவன் காபி வாங்கித் தர வேண்டும். தோற்ற அன்றைக்கெல்லாம் கில்பேர் வீட்டில் யாரோடும் பேசமாட்டார்.

இன்றைக்குக் காற்றும் முதுகுப் பக்கமிருந்து தள்ளியது. கால் தானாகவே பரபரத்தது. ஆனால் தான் ஓர் அழுத்து அழுத்தினால் லூசியனும் துரத்துவான், அந்த இதயம் தாங்காது. கில்பேர் வாழ்க்கையில் முதல் முறையாக, பலகை கண்ணுக்குத் தெரியும்போதே பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினார்.

அதே நொடியில் லூசியனும் நின்றுவிட்டார். சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்க்கப் போனார். சைக்கிள் தடாலென்று விழுந்தது. அதை எடுக்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

கில்பேர் ஓடினார்.

"டேய்! நெஞ்சு வலிக்குதா? உக்காரு, உக்காரு. ஆர்லெத் எல்லாத்தையும் சொல்லிட்டாடா. இனிமே எல்லாப் பலகையும் உனக்கே. நீ உயிரோட இருந்தாப் போதும்."

லூசியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கில்பேரின் இரண்டு தோளையும் பிடித்து மெல்ல அழுத்தி, அவரைச் சுவரின் மேல் உட்கார வைத்தார்.

"எனக்காகன்னா நீ பிரேக் பிடிப்பேன்னு மிரேய் அடிச்சுச் சொன்னா. நான்தான் நம்பலை. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்டா."

"என்னடா உளர்றே? மிரேய் எதுக்குச் சொல்லணும்?"

லூசியன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"டாக்டர் போன் பண்ணினது உன் வீட்டுக்குடா."